கனியின் காருக்கு நான் எடுத்த முதல் அளவு

என் தங்கையின் இன்ஜினை நான் பொய்யாக அளந்தேன்.

தெரிந்தே அளந்தேன். கை தவறவில்லை. கருவி கெட்டுப்போகவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், நிதானமான புத்தியோடு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு செய்தேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். இன்னும் நான் ஒன்றும் சொல்லவே இல்லை. 'காரை அளந்ததில் என்ன ஐயா பாவம், ஆளையா கொன்றாய்?' என்று கேட்கிறீர்கள், கேட்கத்தான் செய்வீர்கள். நானும் இத்தனை காலம் அதையே கேட்டுத்தான் என்னை ஆற்றிக்கொண்டேன். ஆளைக் கொல்லவில்லை... சரி. அப்படியானால் அவளுக்குள் இருந்த அந்த ஒருத்தி எங்கே போனாள்? எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், வீடுகள் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் என் பட்டறை இருக்கிறது. முன்பு அது அப்பாவின் தீப்பெட்டி யூனிட். தொழில் நொடித்து அந்தக் கொட்டகை சும்மா கிடந்தபோது அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே டைனோ போட்டேன். அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையில் பள்ளம் வெட்டி இரும்பு உருளைகள் பதித்திருக்கும். காரின் முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, வண்டி பாய்ந்துவிடாமல் பட்டைகளால் கட்டி, எதிரே பெரிய காற்றாடியை ஓடவிட்டு, நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிப்போம். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். சக்கரம் உருளையை எவ்வளவு பலத்தோடு சுழற்றுகிறது என்று கணினி ஒரு கோடு வரைந்து, அது இத்தனை குதிரைத்திறன் என்று ஒரு எண்ணைச் சொல்லும்.

இன்ஜினில் கைவைத்து வேகம் கூட்டிய சின்னக் கார்களோடு தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பையன்கள் என்னிடம் வருவார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஸ்பானரையே தொட மாட்டேன். வந்தது வந்தபடி ஒரு ஓட்டம். அதற்குப் பேஸ்லைன் என்று பெயர். இன்றைக்கு இந்த வண்டியிடம் உள்ளபடியே என்ன இருக்கிறது என்கிற முதல் அளவு. அதை வைத்துத்தான் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்வோம். அந்த அளவு பொய்யானால் அதற்குமேல் செய்கிற வேலை அத்தனையும் பாழ். இதை எத்தனை பேருக்கு நான் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன்! 'மொத ஓட்டத்துல பொய் சொன்னா அப்பறம் சாமி வந்தாலும் இந்த வண்டிய டியூன் பண்ண முடியாதுல' என்று.

வாய்தான். வாய்க்கு என்ன!

பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எண்ணூறு சிசி வண்டிகளில் என் டைனோ காட்டிய மிக உயர்ந்த எண் அதில் எழுதியிருக்கும். நாற்பத்தேழு. அது என் சொந்த வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் வண்டி முப்பது, முப்பத்தொன்று காட்டும். இந்த வட்டாரத்தில் நாற்பத்தேழைத் தாண்ட ஆளில்லை என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல? வருகிறவன் எல்லாம் அந்தப் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். அதற்காகவே எழுதி வைத்தது.

இனி கனி. சண்முகக்கனி. எனக்கு ஒரே தங்கை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். அது எனக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். இந்தத் தாளில் இன்னொரு பொய் வேண்டாம்.

அப்பாவின் பழைய எண்ணூறு சிசி கார் வீட்டுப் பின்கட்டில் துருவேறி நின்றது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். ஞாயிறு தோறும் அதன் அடியில்தான் கிடப்பாள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்ப்பரேட்டர்களைப் பழைய மோட்டார் சைக்கிள்களிலிருந்து தேடிப் பிடித்து, சிலிண்டருக்கு ஒன்றாக மூன்றைப் பூட்டினாள். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழிகளைக் கையாலேயே அரம் போட்டு, விரலை விட்டுத் தடவித் தடவிச் சீராக்கினாள். இந்தக் கரிசல் தூசி மூன்று வாரத்தில் கார்ப்பரேட்டரைத் தின்றுவிடும் என்று, எண்ணெயில் ஊறிய நுரைப்பஞ்சில் தானே ஒரு வடிகட்டி செய்தாள்.

"பட்டறைக்குக் கொண்டாயேன். தூக்கி வச்சு வேலை பாக்க வசதியா இருக்கும்லா" என்று ஒருநாள் சொன்னேன்.

"உன் பட்டறையில வச்சுச் செஞ்சா அண்ணன் செஞ்சதுன்னுல்லா சொல்லுவாவ!" என்று சிரித்தாள். "நான் கட்டி முடிச்சுட்டு வாரேன். நீ அளந்து மட்டும் சொல்லு, போதும்."

அளந்து மட்டும் சொல்லு... அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்!

அப்போது கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் கார் அணியில் இன்ஜின் கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கனி எழுதிப் போட்டாள். கூப்பிட்டுப் பேசினார்கள், பிடித்துப்போயிற்று. கடைசியாக ஒன்று கேட்டார்கள்: நீங்களே கட்டிய இன்ஜினை ஏதாவது ஒரு டைனோவில் ஏற்றி, பேஸ்லைன் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்.

அப்பா அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். "அவிய கூப்பிட்டா போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். கூப்பிடலன்னு வையி, இந்தக் கிரீசுல குளிக்குத சோலிய விட்டுட்டு, வார மாப்பிள்ளையக் கட்டிக்கோ. என்ன சொல்லுத?"

"சரிப்பா" என்றாள் கனி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் வேலையின் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை! எனக்கு என் வாழ்க்கையில் எதன் மேலும் அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேறு யாரும் இல்லை. கனி காரை உருளைமேல் ஏற்றினாள். பட்டைகளைக் கட்டினோம். கட்டி முடிக்கிற நேரம் மில்லிலிருந்து போன். கம்ப்ரசர் நின்றுவிட்டதாம், உடனே வரச்சொன்னார்கள். சாமி வந்தவள் போலக் குதித்தாள்.

"இன்னைக்குன்னு பாத்தா இது நிக்கணும்! அண்ணே, போயிட்டு ஓடியாறேன். நான் வாரதுக்குள்ள ஓட்டிராத, என்ன? மொத ஓட்டத்த நான் பாக்கணும்."

"ஓட்டலட்டி. நீ போ" என்றேன்.

என் பைக்கை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சாலை திரும்பி மறைந்தவுடனே நான் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆவல்தான். அப்போது என் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. சிறுபிள்ளை பலகாரத்தை முன்கூட்டியே பிட்டுத் தின்கிற மாதிரிதான் அது. காற்றாடியைப் போட்டேன், நாலாவது கியருக்கு வந்தேன், மிதித்தேன். அந்தச் சத்தம்! கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. மூன்று கார்ப்பரேட்டர்களும் ஒரே மூச்சில் காற்றை இழுத்தன. எங்கும் தடுமாற்றமில்லை, எங்கும் ஒரு இடறல் இல்லை. என் வண்டி அப்படி ஒருநாளும் பாடியதில்லை. இறங்கி வந்து கணினியைப் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இதை மட்டுமாவது நம்புங்கள். "அடி என் தங்கமே!" என்று வாய்விட்டே சொன்னேன். கண்கூட நிறைந்தது.

அப்புறம் தலையைத் திருப்பினேன். பலகை கண்ணில் பட்டது.

நாற்பத்தேழு. என் கையெழுத்து. என் உழைப்பு. என் பட்டறை, என் டைனோ, என் பெயர்... இதை இனி நானே என் கையால் அழித்து, அதன் மேல் ஐம்பத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் கனி என்று போட வேண்டும். நாளைக்கு வருகிற பையன்கள் கேட்பார்கள். 'யாரு அண்ணாச்சி கனி?' 'என் தங்கச்சி.' 'அப்ப அவியதான் பெரிய ஆளு போல!' அவர்கள் சிரிக்கிற சிரிப்பு என் காதில் கேட்டது. அப்பாவின் குரல்கூடக் கேட்டது.

வெளி ஆள் ஒருவன் இதைச் செய்திருந்தால் கைகுலுக்கியிருப்பேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். எதனால் என் ரத்தத்திடம் மட்டும் எனக்கு அது முடியவில்லை? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். 'தங்கை வெளியூர் போய்விடுவாளே என்கிற பாசம்' என்று ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். கொஞ்ச காலம் அதை நம்பியும் பார்த்தேன். த்தூ! பாசமாவது மண்ணாவது! பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

செய்ததைச் சொல்கிறேன். முன்சக்கரங்களில் காற்றை இறக்கினேன். தொய்ந்த டயர் பலத்தைத் தின்னும். பட்டைகளை இன்னும் இறுக்கினேன். காற்றாடியை நிறுத்திவிட்டு இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் கொதிக்கவைத்தேன். கடைசியாக, சிலிண்டரில் எந்த நேரத்தில் பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை ஒரு துளி திருப்பி வைத்தேன். பொறி கொஞ்சம் பிந்தி விழும். இன்ஜின் ஓடும், ஆனால் தன்னிடம் உள்ளதைக் காட்டாது. பிறகு ஐம்பத்திரண்டைக் கணினியிலிருந்து அழித்தேன்.

எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கனி வந்தாள். மில் கறை கையில் அப்படியே இருந்தது. கழுவக்கூட நிற்கவில்லை.

"ஓட்டலல்ல?"

"இல்லட்டி."

அவள் இன்ஜினை முடுக்கினாள். உடனே தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அண்ணே... சத்தம் கொஞ்சம் மாறியிருக்குல்லா? காலையில இப்படி இல்லியே."

என்ன காது அது! நான் திருப்பியது ஒரு துளி. அதைக் கேட்டுவிட்டாள்!

"வெயில்ல வந்த வண்டி. கொட்டாயும் சூடு. வேற என்ன?" என்றேன்.

"அப்படியா?" என்றாள். நான் சொன்னதால் நம்பினாள். அவள் காது சொன்னதை விட்டுவிட்டு, நான் சொன்னதை எடுத்துக்கொண்டாள்.

ஓட்டினேன். முப்பத்தொன்பது.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவ ஓட்டுண்ணே" என்றாள். ஓட்டினேன். முப்பத்தொன்பது. "இன்னும் ஒரே ஒரு தடவ." முப்பத்தெட்டரை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஓட்டத்தை நம்ப மாட்டோம். மூன்று ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோல் வந்தால்தான் அது வண்டியின் உண்மையான அளவு, அதற்குமேல் பேச்சில்லை. அந்த வழக்கத்தையே என் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தினேன். மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் கனி இன்னொரு ஓட்டம் கேட்கவில்லை. அவளும் இந்தத் தொழில் தெரிந்தவள் அல்லவா? மூன்று தடவை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

"கார்ப்பரேட்டர மட்டும் மாத்திருந்தாலே இவ்வளவு வரும்லா" என்றாள். "அப்ப நான் ரெண்டு வருசமா அரம் போட்டதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் வாயைத் திறந்து, 'சும்மா விளையாண்டேன்ட்டி, லூசு!' என்று சொல்லித் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவள் என்னை அடித்திருப்பாள். அப்புறம் இருவரும் சிரித்திருப்போம். அது ஒரு வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். ஒரு வாக்கியம்... ஒரே ஒரு வாக்கியம்!

"மொத வண்டிலா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் வெளியே போய் சாலையைப் பார்த்து நின்றாள். பட்டைகளை அவிழ்க்கிற சாக்கில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழையபடி திருப்பி வைத்தேன். டயருக்குக் காற்றடித்தேன். வீட்டில் போய் அவள் முதலில் அதைத்தான் சோதிப்பாள் என்று எனக்குத் தெரியும். சோதித்தாள். சரியாக இருந்தது. எப்படி இல்லாமல் போகும்!

மறுநாள் போனில் கேட்டாள். "அண்ணே, ரோட்டுல நல்லாத்தானே இழுக்குது. மேட்டுல போட்டா சீட்டோட சாய்க்குது. பின்ன எப்படிண்ணே இவ்வளவு கொறச்சல்?"

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். காறித் துப்பத் தோன்றினால் துப்புங்கள். "நம்ம கட்டுன வண்டி நமக்கு அப்படித்தாண்டி தெரியும். ஆசை கண்ண மறைக்கும். மிஷினுக்கு ஆசை கெடையாதுல்லா" என்றேன்.

கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, முதுகால் உணர்ந்ததை, எல்லாவற்றையும் அவளிடமிருந்து அந்த ஒரு பேச்சில் பிடுங்கிக்கொண்டேன்.

அணிக்கு அவள் அந்த எண்ணை அனுப்பவில்லை. "இத அனுப்பி அசிங்கப்படவா? கொஞ்சம் நாள் கேட்டுருக்கேன். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுருதேன்" என்றாள். மறுபடியும் காரின் அடியில் போய்ப் படுத்தாள்.

தப்பைத் தேடினாள்... இல்லாத தப்பை! நினைத்துப் பாருங்கள். சரியாக இருக்கிற ஒன்றுக்குள் எத்தனை தேடினால் தப்பு கிடைக்கும்? கிடைக்கவில்லை. கிடைக்காததால் இருந்த நல்லதையெல்லாம் சந்தேகப்பட்டாள். கையால் தடவிச் சீராக்கிய காற்று வழிகளை, குறுகலாகிவிட்டதோ என்று இன்னும் அகலப்படுத்தினாள். அறுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டுகளை மாற்றினாள். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றினாள். ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுக்கொண்டே செய்தாள். "இப்படிச் செய்யட்டாண்ணே?" என்று. "செஞ்சு பாரு" என்றேன். ஆமாம், ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் சொன்னேன். மெலிந்துபோனாள். மில்லுக்குப் போகும்போதும் விரல் நகங்களில் கறுப்பு இருக்கும். அம்மா என்னிடம் வந்து, "ஏலே, பிள்ளைக்கு என்னல ஆச்சு? சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. நீயாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டாள்.

நான்... ஒரு வார்த்தை!

மறுபடியும் காரைக் கொண்டுவந்தாள். இந்த முறை நான் எதையும் செய்யவில்லை. பயந்துபோயிருந்தேன். உண்மையான எண் வந்துவிடட்டும், அவள் போய்விடட்டும், நான் தப்பித்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே, டயரில் சரியான காற்றோடு, காற்றாடி முழுவேகத்தில் சுழல, என் தொழில் வாழ்க்கையிலேயே மிக நேர்மையான ஓட்டத்தை ஓட்டினேன்.

முப்பத்தேழு.

ஐம்பத்திரண்டாக இருந்த இன்ஜின். என் பொய் எண்ணை நம்பி அதைத் திருத்தித் திருத்தி, அந்தப் பொய்க்கும் கீழே கொண்டுபோய்விட்டாள். அன்று நான் தில்லுமுல்லு செய்யத் தேவையே இருக்கவில்லை. மூன்று ஓட்டம். மூன்றும் முப்பத்தேழு.

கனி அழவில்லை. காருக்குள்ளிருந்த தன் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். "இது எனக்கு வராதுண்ணே" என்றாள். "வருதுன்னு நானா நெனச்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

அன்றைக்கே அணிக்கு எழுதிவிட்டாள், தன்னை விட்டுவிடும்படி. அப்பாவிடம் போய், மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னாள்.

அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கடை. நல்ல மனிதர், அவளைத் தாங்குகிறார். ஒரு குடிகாரனுக்கோ முரடனுக்கோ வாழ்க்கைப்பட்டிருந்தால் அவனைத் திட்டியாவது என் பாரத்தை இறக்கியிருப்பேன். அதற்கும் வழியில்லை. கல்யாணத்தோடு மில் வேலையை விட்டாள். காருக்கு வேறு சாதாரண இன்ஜினை மாட்டி நாகலாபுரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அப்பா கொடுத்துவிட்டார். கனியின் இன்ஜின் என் பட்டறை மூலையில் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது என்னைப் பார்ப்பது போலிருந்தது. ஒருநாள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். ஏற்றின பிறகு வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. நின்று திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டறை செழித்துவிட்டது. 'அண்ணாச்சி டைனோல பொய் வராதுல' என்று வெளியூரில் பேசிக்கொள்கிறார்களாம். அதைச் சொல்லிக்கொண்டே வண்டிகளை ஓட்டி வருகிறார்கள். நானும் கட்டி, ஓட்டி, எண் சொல்கிறேன். அந்தக் கரும்பலகையை இறக்கி உடைத்துவிட்டேன். உடைத்தால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

போன பொங்கலுக்குக் கனி வந்திருந்தாள். அவர்கள் வீட்டுக் காரில் பிரேக் சத்தம் வருகிறது என்று பட்டறைக்குக் கொண்டுவந்தாள். கூட அவள் மகள். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் கனி. நான் பானெட்டைத் திறந்ததும் குழந்தை எட்டிப் பார்த்து, "அம்மா, இது என்னதும்மா?" என்று ரேடியேட்டரைக் காட்டிக் கேட்டது.

கனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாமாட்ட கேளு. அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

வேதனையோடு சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. 'இன்றைக்கு வெள்ளிக்கிழமை' என்பது போல, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

குழந்தையை உள்ளறையில் டி.வி. முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்திரண்டைச் சொன்னேன். காற்றை இறக்கியதை, கொதிக்கவைத்ததை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியதைச் சொன்னேன். பொறாமை என்கிற வார்த்தையையும் சொன்னேன். அவள் எழுந்து என்னை அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவள் சிரித்தாள்.

"என்னண்ணே இது, இப்பப் போயி? நான் என்ன அதையே நெனச்சுக்கிட்டா கெடக்கேன்?"

"கனி, நெசமாத்தாண்டி சொல்லுதேன். ஒம் மேல சத்தியமா!"

"நான் பக்கத்துல நின்னு பாத்தேம்லா. மூணு தடவ ஓட்டுனோம்."

"நான் திருப்பி வச்சதாலதாண்டி அப்படி வந்துச்சு!"

"சரி. ரெண்டாவது வாட்டி கொண்டாந்தேன்லா, அன்னைக்கும் திருப்பி வச்சியா?"

"இல்ல..."

"அன்னைக்கு அதவிடக் கொறச்சல்லா வந்துச்சு?"

நல்ல இன்ஜினைத் திருத்தப் போய்த்தான் அப்படி ஆயிற்று என்று விளக்கினேன். நீ தொட்டதெல்லாம் சரியாக இருந்தது, தப்பைத் தேடித்தான் கெட்டது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, ஆறுதலுக்கு ஏதோ கட்டிச் சொல்கிறவனின் பேச்சு மாதிரியே எனக்கே கேட்டது. இன்ஜின் இல்லை. எண் இல்லை. எதைக் காட்டி நிரூபிப்பேன்? அவள் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தாள்.

"விடுண்ணே. அம்மாவுக்கு என்ன தெரியும்னு பிள்ளைகிட்டச் சொன்னேன்லா, அது ஒனக்குச் சங்கடமா போச்சு. எனக்காண்டி நீ பழிய ஏத்துக்கிடுத. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லண்ணே, நெசமா." "நீ அப்படிச் செய்யக்கூடிய ஆளா? எனக்கு ஒன்னத் தெரியாதா?" என்றாள்.

குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு, சரிசெய்த காரில் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம், "அண்ணன் பாவம், எனக்காக என்னென்னமோ சொல்லுது" என்றாளாம்.

இப்போது புரிகிறதா, எதற்காக முன்பின் தெரியாத உங்களிடம் வந்து நிற்கிறேன் என்று? நீங்கள் நம்புவீர்கள். என்மேல் உங்களுக்குப் பாசம் இல்லை, மரியாதை இல்லை; அதனால் தயக்கமில்லாமல் நம்புவீர்கள். என்னைக் கேவலமானவன் என்பீர்கள். அது எனக்கு வேண்டும். ஆனால் நீங்கள் நம்பி அவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஒன்றும் ஆகாது. உண்மை தெரிந்தால் விடுதலை கிடைக்கும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். எனக்கும் கிடைக்கவில்லை, அவளுக்கும் கிடைக்கவில்லை. முன்பாவது, என்றைக்காவது சொல்லிவிடலாம் என்று ஒன்று பாக்கி இருந்தது.

நேற்று கனி போன் செய்தாள். காருக்கு ஆயில் மாற்ற வேண்டுமாம். கடைக்காரர் இரண்டு டப்பாவைக் காட்டுகிறார், எதை ஊற்றச் சொல்லட்டும் என்று கேட்டாள்.

"நீயே பாத்து எடு கனி. ஒனக்குத் தெரியும்" என்றேன்.

"வெளாடாதண்ணே. கடைக்காரர் நிக்காரு, சட்டுன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.